கரி எரியும், சாம்பல் எரியாது



தலைப்பைப் பார்த்ததும் அடுப்பைப் பற்றிய கட்டுரை என்று நினைத்திருப்பீர்கள். அடுப்பும் வரத்தான் போகிறது. ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது, உங்கள் வீட்டு முற்றத்தில் நிற்கும் டீசல் வேனின் அடிவயிற்றிலே இருக்கும் ஒரு வடிகட்டியைப் பற்றி. "வாகன விஷயம் ஆம்பிளைகள் பார்த்துக்கொள்வது, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காலை 7 மணிக்குக் கல்முனையிலிருந்து பாண்டிருப்பு, மருதமுனை வரை பாடசாலை வாசல்களைப் பாருங்கள். பிள்ளைகளை இறக்கிவிட வரும் வாகனங்களைப் பெண்களும் ஓட்டி வருகிறார்கள். அந்த வாகனத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு சிறு விளக்கு எரிந்தால் அதை முதலில் காண்பவர்களும் அவர்களே. எங்கள் வீட்டிலும் அதை முதலில் கண்டவர் என் மனைவிதான். "இஞ்சாருங்க, பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா ஒரு படம் விழுந்திரிக்கி" என்றார். அந்தப் படம்தான் வடிகட்டி நிரம்பிவிட்டது என்பதற்கு அடையாளம். கம்பனிக்காரர்கள் அதை டீ.பீ.எப். என்பார்கள். கராஜ்காரர்களும் அப்படியே சொல்கிறார்கள். அரபியிலே வடிகட்டிக்கு 'மிஸ்ஃபாத்' என்று பெயர். தெளிவு, தூய்மை என்று பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. நாம் வடிகட்டி என்றே வைத்துக்கொள்வோம்.

பானையின் அடியில் பிடிக்கும் கரியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. விறகுக்குக் காற்றுப் போதாவிட்டால் கரி உண்டாகும். டீசலும் அவ்வாறே. எஞ்சினுக்குள் முழுமையாக எரியாத பகுதி நுண்ணிய கரியாக மாறிப் புகையோடு வெளியேறுகிறது. நம் தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன். இந்தக் கரித்துகள்களோ பெரும்பாலும் ஒரு மைக்ரோனுக்கும் மிகக் குறைந்தவை. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்ச் சேரக்கூடியவை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2012 ஜூன் மாதத்தில், டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியாக அறிவித்து, அதை முதலாம் தொகுதியில் சேர்த்தது. அதே தொகுதியில்தான் சிகரெட் புகையும் இருக்கிறது.

இந்தக் கரியைப் பிடிப்பதற்காகப் புகைக்குழாயின் வழியிலே தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டியை வைத்தார்கள். தேன்கூட்டுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒரு கண்ணறைக்கு வாயில் திறந்திருந்தால் வால் மூடியிருக்கும். அடுத்த கண்ணறைக்கு வாய் மூடியிருக்கும், வால் திறந்திருக்கும். ஆகையால் புகை நேரே ஓடிவிட முடியாது. பக்கச் சுவரிலுள்ள நுண்துளைகளின் ஊடாகத்தான் அடுத்த அறைக்குள் புக வேண்டும். அப்போது கரி சுவரிலே தங்கிவிடுகிறது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட கரியை இப்படிப் பிடித்துவிடலாம். பிரான்ஸின் பெஜோ 607 என்ற கார் 2000 ஆம் ஆண்டில் இதை வழமையான உறுப்பாகக் கொண்டு சந்தைக்கு வந்தது.

பிடித்த கரி எங்கே போகும் என்று கேட்பீர்கள். பிடித்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் அடைத்துவிடும் அல்லவா? அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கரி எரியக்கூடிய பொருள். வடிகட்டி ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் சூடானால் உள்ளே தேங்கிய கரி தானாகவே எரிந்து வாயுவாகப் போய்விடும். நெடுந்தெருவில் பாரத்தோடு ஓடும்போது வடிகட்டி நன்றாகச் சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைச் சுத்தப்படுத்திக்கொள்ளும். அது போதாதபோது வாகனத்தின் கம்பியூட்டர் டீசலைச் சற்றுப் பிந்தி மேலதிகமாகத் தெளித்து, அந்த டீசலின் சூட்டால் கரியை எரிக்கும். இதற்குப் பத்து முதல் இருபது நிமிடம் வரை தொடர்ந்து ஓட்டம் வேண்டும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் இரண்டு மெல்லிய குழாய்கள் பூட்டி, இரண்டு பக்கத்து அழுத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தே கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் கம்பியூட்டர் கணக்கிடுகிறது.

இனி நம் ஊர் ஓட்டத்தை எண்ணிப் பாருங்கள். காலையில் பாடசாலை. வந்து ஒரு மணி நேரத்தில் சந்தை. பகலில் பாடசாலையிலிருந்து பிள்ளைகள். பின்னேரம் டியூசன். மஃரிபுக்குப் பிறகு ராத்தா வீடு. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு கிலோ மீற்றர். கல்முனையில் பிரதான வீதியிலே முச்சக்கர வண்டியும் சைக்கிளும் மாடும் கலந்து வரும்போது வேகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எஞ்சின் சூடாவதற்குள் வீடு வந்துவிடுகிறது. பச்சை விறகை அடுப்பில் வைத்து, புகை கிளம்பியதும் தண்ணீர் தெளித்து அணைத்து, மறுபடி மூட்டி, மறுபடி அணைத்தால் எவ்வளவு கரி பிடிக்குமோ அப்படி!

எங்கள் வேன் ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வந்தது. வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்படுவதற்கு முன்பு வாங்கியது. பிறகு 2022 இல் எரிபொருள் வரிசையும், கியூ.ஆர். அட்டையும், வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்ற பங்கீடும் வந்தபோது எல்லா வீட்டு வாகனங்களையும் போல இதுவும் அவசியத்துக்கு மட்டும் வெளியே போய்வந்தது. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறக்கப்பட்டாலும், புதியதை நினைத்துப் பார்க்கும் நிலையில் ஆசிரியர் வீடுகள் இல்லை. இருப்பதைக் காப்பாற்றித்தான் ஓட வேண்டும்.

விளக்கு எரிந்த வாரம் ஒரு கராஜில் காட்டினேன். பார்த்தவர் மிகச் சாதாரணமாகச் சொன்னார்: "இதெல்லாம் நம்மட நாட்டுக்குச் சரிவராத சாமான் மௌலவி. கழட்டி, வயித்தைக் கிளிச்சி, உள்ள இருக்கிறத இடிச்சிக் கொட்டிட்டு, திரும்ப வெல்டிங் பண்ணிப் பூட்டுவம். கம்பியூட்டருக்கும் ஒரு சொல் சொல்லிவிட்டா லைட் எரியாது. வெளியில பார்த்தா ஒண்டும் தெரியாது." செலவையும் சொன்னார். புதிய வடிகட்டியின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை. புதியதின் விலையோ என் சம்பளத்தைப் பல மாதம் விழுங்கும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது என் மனைவி சிறிது நேரம் பேசவில்லை. எங்கள் கடைசி மகளுக்கு இழுப்பு இருக்கிறது. பனிக்காலத்தில் நடுச்சாமத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, முகத்திலே அந்த மூடியை வைத்து மருந்துப் புகை பிடிக்க வைத்து, நெஞ்சு இறங்கும்வரை பக்கத்தில் நின்ற தாய்மார்களுக்கு அந்த மௌனத்தின் பொருள் தெரியும். பிறகு சொன்னார்: "நம்மட புள்ளைக்கும் இழுப்பு இரிக்கி. ஊருப் புள்ளயள்ற மூஞ்சில அந்தக் கரிய ஊதிட்டு நாம எப்படிப் போற?"

சகோதரிகளே, இந்த ஒரு கேள்விக்குள் எல்லாம் அடங்கியிருக்கிறது. வடிகட்டியின் வயிற்றைக் கிழித்தால் கரி இல்லாமல் போவதில்லை. நம் குழாயில் நின்றது அடுத்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்கு இடம் மாறுகிறது. அதுவும் எங்கே? பாடசாலை வாசலில்! எஞ்சினை நிறுத்தாமல் வாகனங்கள் வரிசையாக நிற்க, புகைக்குழாயின் உயரத்திலேயே முகம் இருக்கும் முதலாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் பின்னால் நடந்து போகிறார்கள். நம் பழைய ஃபிக்ஹு நூல்களிலே, பொதுக் குளிப்பிட உலையின் புகையும் ரொட்டி சுடும் அடுப்பின் புகையும் அயல்வீட்டாரை வருத்தினால் என்ன செய்வது என்று சட்ட அறிஞர்கள் விரிவாகப் பேசியிருக்கிறார்கள். "என் வளவு, என் அடுப்பு" என்ற வாதத்தை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அந்தப் பாடத்தை நான் மாணவனாகப் படித்தபோது வேன் ஞாபகத்துக்கு வரவில்லை, இப்போது வருகிறது.

ஜப்பானியர் இந்த வடிகட்டியைச் சும்மா பூட்டவில்லை. 1999 இல் டோக்கியோவின் ஆளுநராயிருந்த ஷிந்தாரோ இஷிஹாரா, ஒரு பிளாஸ்டிக் போத்தலில் டீசல் கரியை நிரப்பி, பத்திரிகையாளர் முன்னிலையில் அதைக் குலுக்கிக் காட்டினார். பேச்சைவிட அந்தக் கறுப்புப் போத்தல் மக்கள் மனதில் நின்றது. 2003 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து டோக்கியோவிலும் அயலிலுள்ள மூன்று மாகாணங்களிலும், கரியின் அளவு கூடிய லொறிகளும் பஸ்களும் ஓடத் தடை விதிக்கப்பட்டது. ஐரோப்பாவில் 2009 செப்டம்பரில் வந்த யூரோ 5 விதியோடு புதிய டீசல் கார்களுக்கு இந்த வடிகட்டி தவிர்க்க முடியாததாயிற்று. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் பீ.எஸ். 6 விதி வந்தபின் தமிழ்நாட்டு டீசல் கார்க்காரர்களும் இதே செம்மஞ்சள் விளக்கோடு போராடத் தொடங்கினார்கள். சென்னையில் நெரிசலுக்குள் அலுவலகம் போய்வருபவரின் நிலையும் கல்முனையில் சந்தைக்குப் போய்வருபவரின் நிலையும் ஒன்றுதான்.

வயிற்றைக் கிழிப்பவர்களும் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். பிரித்தானியாவில் 2014 பெப்ரவரி முதல் வருடாந்தப் பரிசோதனையில் வடிகட்டி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கூட்டை மட்டும் விட்டுவிட்டு உள்ளே இடித்தெடுக்கும் தந்திரத்தை வெறும் கண் பிடிக்காது என்பதால், நெதர்லாந்தில் 2023 ஜனவரி முதல் புகையிலுள்ள துகள்களை எண்ணிப் பார்க்கும் கருவியையே பரிசோதனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டில் 2008 முதல் வருடாந்தப் புகைப் பரிசோதனை நடைபெறுகிறது. அது புகையின் கருமையைப் பார்ப்பது. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளைத் துகள் துகளாக எண்ணுவது அல்ல. ஆகவே "சேர்ட்டிபிக்கேட் கிடைத்துவிட்டது" என்பதை வைத்துக்கொண்டு வடிகட்டி நலமாயிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

பாண்டிருப்பில் இன்னொரு கராஜ் இருக்கிறது. அதை நடத்தும் தம்பி கட்டாரில் சில வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். அவர் வேனின் அடியில் புகுவதற்கு முன்பே கம்பியூட்டரைப் பூட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, "வாகனத்துல பிழையில்ல மௌலவி. அதுக்கு ஓட்டம் காணாது" என்றார். எனக்கு அந்தச் சொல் பிடித்துப்போயிற்று. பிள்ளைக்குச் சாப்பாடு காணாது என்பதுபோல அவர் அதைச் சொன்னார்! கரி அளவு மீறிப் போகாததால், வாகனத்தை ஓர் ஒதுக்கமான இடத்தில் நிறுத்திக் கம்பியூட்டரால் கட்டளை கொடுத்து எரித்தார். அரை மணி நேரத்துக்கும் மேல் எடுத்தது. கரி மிகவும் கூடிய நிலையில் அப்படி எரித்தால் சூடு கட்டுமீறிப் பீங்கான் வெடித்துவிடும். அப்போது கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். அதோடு காற்று வடிகட்டி, இன்ஜெக்டர், டர்போவில் ஒயில் கசிவு, அந்த மெல்லிய அழுத்தக் குழாய்கள் யாவற்றையும் பார்த்தார். இவற்றில் ஒன்று கெட்டிருந்தால் புதிய வடிகட்டி போட்டாலும் சில மாதத்தில் அதுவும் அடைத்துவிடுமாம். நியாயமான பேச்சு. பானை கரி பிடிக்கிறதென்று பானையையே மாற்றிக்கொண்டிருந்தால் என்ன பயன்? அடுப்பை அல்லவா பார்க்க வேண்டும்!

அதன்பின் எங்கள் வீட்டில் வேனுக்கு ஒரு நேரசூசி போட்டோம். போட்டவர் வீட்டுக்காரி. பக்கத்துப் பாடசாலைக்குப் பெரிய பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள். துண்டு துண்டான ஓட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினோம். சந்தை, மருந்துக்கடை, தையல்காரி எல்லாம் ஒரே சுற்றில் முடியும். வெள்ளிக்கிழமை அசருக்குப் பின் காரைதீவுச் சந்தியால் அம்பாறைப் பக்கம் திரும்பி, மாவடிப்பள்ளி தாண்டி, இருபக்கமும் வயல் விரிந்த வீதியிலே சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், இடையில் நிறுத்தாமல் அரை மணி நேரம் ஓடி வருகிறோம். பிள்ளைகளுக்கு அது ஒரு பயணம், வேனுக்கு அது மருந்து. டீசல் வீண் என்று சொன்ன மச்சானுக்கு என் மனைவி கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு வருடத்துக்கு அப்படி ஓடும் டீசலின் செலவு புதிய வடிகட்டியின் விலைக்கு அருகிலும் வராது. மச்சானுடைய லொறியும் இப்போது சில வேளைகளில் அந்த வயல் வீதியில் கண்ணில் படுகிறது.

ஓட்டும் சகோதரிகள் சில அடையாளங்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. நிற்கும்போது எஞ்சின் வழமையைவிடச் சற்று வேகமாகச் சுழல்வது, சூடான ஒரு மணம், எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி உரத்து ஓடுவது — இவை வாகனம் தன்னைச் சுத்தப்படுத்திக்கொண்டிருக்கும் வேளை. வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும், முடிந்தால் இன்னும் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். பாதியில் அணைத்து அணைத்து வந்தால், எரியாத டீசல் கசிந்து எஞ்சின் ஒயிலோடு கலந்துவிடும். ஒயில் பார்க்கும் கம்பியை இழுத்துப் பார்த்தால் ஒயில் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருக்கும். "ஒயில் கூடியிருக்கிறதே, பறக்கத்துதான்!" என்று ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பறக்கத்து அல்ல. டீசல் கலந்த ஒயில் நீர்த்துப்போய் எஞ்சினைத் தேய்த்துவிடும்.

இன்னொன்றை அவசியம் சொல்ல வேண்டும். கரி எரியும் வேளையில் வாகனத்தின் அடி மிகக் கடுமையாகச் சூடாகும். அறுவடைக் காலத்தில் நம் பகுதியில் வீதியோரமெல்லாம் நெல்லும் வைக்கோலும் காய்கிறது. அந்த வேளையில் காய்ந்த வைக்கோலின் மேல் வாகனத்தை நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகளையும் புகைக்குழாய்ப் பக்கம் விடாதீர்கள்.

விளக்கு சும்மா எரிந்துகொண்டிருந்தால் ஓட்டம் கேட்கிறது என்று பொருள். அது மின்னத் தொடங்கினாலோ, எஞ்சின் படமும் சேர்ந்து எரிந்தாலோ, மிதித்தும் வேகம் ஏறாவிட்டாலோ அதற்குமேல் ஓட்டிச் சரிசெய்ய முடியாது. கராஜுக்குக் கொண்டுபோய்விட வேண்டும். சில ஜப்பானிய வேன்களிலும் லொறிகளிலும் கரியை எரிப்பதற்கென்றே ஒரு பொத்தான் உண்டு. அதன்மேல் ஜப்பானிய எழுத்து இருப்பதால் என்னவென்று தெரியாமலே வருடக்கணக்காக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் வாகனத்தில் அப்படி ஒன்று இருந்தால் விஷயம் தெரிந்தவரிடம் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

தலைப்பில் சொன்ன சாம்பலுக்கு வருவோம். விறகு எரிந்த பிறகும் அடுப்பில் சாம்பல் மிஞ்சுகிறது. அதை எந்தத் தீயாலும் எரித்துவிட முடியாது, அள்ளித்தான் கொட்ட வேண்டும். வடிகட்டியிலும் அப்படி ஒரு சாம்பல் சேர்கிறது. அது டீசலிலிருந்து வருவதைவிட எஞ்சின் ஒயிலிலிருந்தே கூடுதலாக வருகிறது. ஒயிலில் சேர்க்கப்படும் கல்சியம், மக்னீசியம், நாகம் முதலியவை எரிந்து மிஞ்சும் தூள் அது. எவ்வளவு தூரம் ஓடினாலும் இது குறையாது, கூடிக்கொண்டே போகும். எனவே சாம்பல் குறைந்த ஒயிலை மட்டுமே ஊற்ற வேண்டும். டின்னின் முதுகிலே டீ.எல்-1 அல்லது சீ3 போன்ற அடையாளம் இருக்கும். உங்கள் வாகனத்துக்கு எது உரியதென்று அதன் கைநூல் சொல்லும். மலிவாகக் கிடைக்கிறதென்று கண்ட ஒயிலையும் ஊற்றினால் வடிகட்டியின் ஆயுள் குறையும். டீசலிலும் தரம் உண்டு. கந்தகம் கூடிய டீசல் இந்த வடிகட்டிக்கு ஆகாது. இந்தியாவில் பீ.எஸ். 6 வந்தபோது டீசலின் கந்தகத்தைப் பத்து இலட்சத்தில் 10 பங்காகக் குறைத்த பிறகே வடிகட்டியைப் பூட்டச் சொன்னார்கள். நம் நாட்டில் சுப்பர் டீசலில்தான் கந்தகம் குறைவு. விலை கூடியதுதான், மறுக்கவில்லை.

பல வருடம் ஓடிய வாகனத்தில் சாம்பல் நிறைந்துவிட்டால் வடிகட்டியைக் கழற்றி, அதற்குரிய கருவியுள்ள இடத்தில் காற்றாலும் சூட்டாலும் சுத்தம் செய்விக்கலாம். வளவில் வைத்துக் கொம்பிரஸர் காற்றால் ஊதுவதும், அமிலம் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். முன்னதில் அந்தத் தூள் வீட்டார் நெஞ்சுக்குள் போகும், பின்னதில் பீங்கான் கெட்டுப்போகும்.

பாவித்த டீசல் வாகனம் வாங்கப் போகிறவர்கள், பெயிண்டையும் சீட்டுறையையும் பார்ப்பதோடு நின்றுவிடாமல், ஆறிய புகைக்குழாயின் வாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுத் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நலமாயிருக்கும் வாகனத்தில் துணி ஏறக்குறைய வெளுப்பாகவே வரும். கறுப்பாகத் தூள் ஒட்டி வந்தால் உள்ளே வெடித்திருக்க வேண்டும், அல்லது யாரோ வயிற்றைக் கிழித்திருக்க வேண்டும். அடியில் குனிந்து பார்த்தால் வடிகட்டிக் கூட்டின்மேல் பிறகு போட்ட வெல்டிங் தழும்பும் தெரியும். விலை பேசுவதற்கு முன்னர் அந்தத் துணியை விற்பவரின் கையிலேயே கொடுங்கள்.